எந்த விடுதியில் விடுவது?

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுது. கண்டக்குழியைச் சேர்ந்த கடற்றொழிலாளர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மடித்த சாரத்தின் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். “ஐயா, மகளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பதிவு செய்ததற்கு அத்தாட்சி என்று எண்ணிப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். எதற்கும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

பிரித்துப் பார்த்தேன். கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. விடுதியில் இடம் வேண்டுவோர் குறித்த நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்பதே அதன் செய்தி. அந்த நாள் கடந்து நான்கு நாட்களாகியிருந்தன. அவருடைய மகளுக்குச் சிங்கள எழுத்துத் தெரியும். அலுவலகச் சிங்களம் தெரியாது. கடலில் காற்றின் திசையைக் கொண்டே மறுநாளின் நிலையைச் சொல்லக்கூடிய அந்த மனிதர், ஒரு தாளின் முன்னே கைகட்டி நின்றார். எழுதவேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினேன். இரண்டு மாதங்களின் பின்னர் விடுதியில் இடம் கிடைத்தது. அந்த இரண்டு மாதங்களும் அப்பெண் ஊர் பேர் அறியாத ஒரு வீட்டின் பின்னறையில், தந்தையின் ஒரு பருவத்துச் சம்பாத்தியத்தை வாடகையாகக் கொடுத்துத் தங்கினாள்.

இஃது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும், ஏத்தாளையின் வெங்காயத் தோட்டக்காரரும், மாம்புரியின் ஆசிரியரும், ஆலங்குடாவின் வியாபாரியும், 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு நம்மிடையே வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தாரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பிள்ளையை எந்த விடுதியில் விடுவது?” இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. ஆயினும் விடையின்றி விட்டுவிடவும் இயலாது. ஏனெனில், இதற்குத் தவறான விடை கண்டதனால் தம் வாழ்வின் திசையையே மாற்றிக்கொண்ட பிள்ளைகளை நான் அறிவேன்.

தெரிவு நிகழும் இடம்

முதலில் ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பல்கலைக்கழக விடுதியை மாணவர் தெரிவதில்லை, பல்கலைக்கழகமே ஒதுக்குகின்றது. தூரமும் குடும்ப வருமானமும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. பெரும்பாலும் முதலாம் ஆண்டினருக்கும் இறுதியாண்டினருக்கும் முன்னுரிமை தரப்படுகின்றது. அப்படியாயின் பெற்றோருக்குத் தெரிவே இல்லையா? உண்டு. ஆனால் அத்தெரிவு பல்கலைக்கழக வாயிலில் நிகழ்வதன்று. கற்பிட்டியில், நமது வீட்டுத் திண்ணையில், பல மாதங்களுக்கு முன்னரே நிகழ்கின்றது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், எந்தக் கற்கைநெறி, எந்தப் பல்கலைக்கழகம் என விருப்ப ஒழுங்கில் எழுதுகின்றோமே, அங்கேதான் விடுதியும் தெரிவாகிவிடுகின்றது. இசட் புள்ளியும், மாவட்டப் பங்கீடும், நாம் எழுதிய அந்த ஒழுங்குமே பிள்ளை செல்லும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த ஒழுங்கை எழுதும்போது பெற்றோரின் மனத்தில் நிற்பது எது? கற்கைநெறியா? இல்லை, இரவு எட்டு மணிக்கு மகள் எங்கே இருப்பாள் என்பதே.

நம் பகுதியில் ஒரு மாணவி. ஆடுமாடுகளோடு வளர்ந்தவள். கால்நடை மருத்துவம் பயில விரும்பினாள். அதற்குரிய புள்ளியும் பெற்றிருந்தாள். இந்நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டத்துக்குரிய பீடம் பேராதனையில் உள்ளது. “பேராதனை தூரம், விடுதி எப்படியோ” என்று தந்தையார் அந்த வரியையே விண்ணப்பத்திலிருந்து நீக்கிவிட்டார். அவள் விரும்பாத ஒரு பாடத்துக்கு, உறவினர் வீடு அருகே இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அனுப்பப்பட்டாள். ஓராண்டில் திரும்பிவிட்டாள். தந்தையார் கொடியவர் அல்லர், அஞ்சியவர். ஆனால் அந்த அச்சத்தின் விலையை மகள் மட்டுமா கொடுத்தாள்? தன் ஆட்டுக்கு நோய் வந்தால் தமிழில் விளங்கச் சொல்லக்கூடிய ஒரு மருத்துவர் இல்லாத ஒவ்வொரு கமக்காரனும் கொடுக்கின்றான்.

அச்சம் பொய்யன்று

பெற்றோரின் அச்சத்தை அறியாமை என்று எள்ளி நகையாடுவோர் உளர். நான் அவ்வாறு செய்யேன். வரலாறு தெரிந்தவன் அவ்வாறு செய்ய மாட்டான்.

1975ஆம் ஆண்டு, பேராதனையின் இராமநாதன் விடுதியில், பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக விவசாய பீட மாணவி ஒருவர் மாடியிலிருந்து குதித்து உடல் முடங்கிப்போனார். 1997ஆம் ஆண்டு, அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் முதலாம் ஆண்டுத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்கு ஆளாகிச் சிறுநீரகம் செயலிழந்து உயிர் நீத்தார். 1983ஆம் ஆண்டு மே மாதத்தில் பேராதனைத் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளிலிருந்து விரட்டப்பட்டனர். யூலையில் நாடெங்கும் மூண்ட தீக்கு அஃது ஒரு முன்பொறி. 2016ஆம் ஆண்டு யூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், புதுமுக மாணவர் வரவேற்பு நிகழ்வொன்றில் தமிழ், சிங்கள மாணவர்கள் மோதிக்கொண்டனர். நான் பயின்ற பல்கலைக்கழகத்திலும், முதல் மூன்று வாரங்கள் நான் விடுதிக் கட்டிலில் உறங்கிய இரவுகள் மிகச் சில.

ஆகவே, அச்சத்துக்குக் காரணம் உண்டு. கேள்வி யாதெனில், அந்த அச்சத்துக்கு அடங்கிப் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதா, அன்றி அச்சத்தின் வேரை அறுப்பதா என்பதே. பாம்பு புகுந்தது என்பதற்காக வீட்டைக் கொளுத்துவாரும் உண்டோ?

சட்டம் சொல்வது

1997ஆம் ஆண்டு மரணத்தின் பின்னரே பாராளுமன்றம் விழித்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடை செய்தது. ஒரு மாணவருக்கு உடற்காயமோ உளக்காயமோ மனவேதனையோ அச்சமோ விளைவிக்கும் செயல், விளைவிக்கக்கூடிய செயல், இரண்டும் அச்சட்டத்தின்படி பகிடிவதை. அதற்குத் தண்டனை இரண்டு ஆண்டு வரையான கடூழியச் சிறை. பகிடிவதையின்போது பாலியல் தொல்லையோ கொடுங்காயமோ இழைக்கப்படின் பத்து ஆண்டு வரை சிறை. “விளையாட்டுக்குச் செய்தோம்” என்பதும், “எங்களுக்கும் செய்தார்கள்” என்பதும் நீதிமன்றத்தில் எதிர்வாதம் ஆகா.

சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பகிடிவதை ஒழிந்ததா? இல்லை. ஏன்? முறைப்பாடு செய்பவன் அதே விடுதிக்குத்தான் இரவில் திரும்பவேண்டும் என்பதனால். சாட்சி சொல்பவன் அதே உணவுச்சாலையில்தான் உண்ணவேண்டும் என்பதனால். சட்டப் புத்தகத்தின் பக்கங்களுக்கும் விடுதியின் படிக்கட்டுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை நடந்து கடப்பதற்கு ஒரு பிள்ளையால் தனியே இயலாது. அதற்குப் பின்னே குடும்பமும் ஊரும் நின்றாலன்றோ கால் எழும்!

அதனாலேயே முதலாம் ஆண்டினரை மூத்தோரிடமிருந்து பிரித்துத் தனி விடுதியில் வைத்தல் வேண்டும் என்கின்றோம். இது பிள்ளைகளைப் பொத்திவைக்கும் யோசனையன்று. புதிதாய் நட்ட கன்றுக்கு முதற் பருவத்தில் வேலி அடைப்பதை எந்தத் தோட்டக்காரனும் குறை சொல்லான்.

நம்மவர் விடுதியா?

இங்கேதான் என் நண்பர்கள் சிலரோடு நான் மாறுபடுகின்றேன். “நம் பிள்ளைகளை நம்மவர் இருக்கும் விடுதியிலேயே சேர்க்கவேண்டும், தமிழருக்கு ஒரு பகுதி, முஸ்லிம்களுக்கு ஒரு பகுதி என்று கேட்டுப் பெறவேண்டும்” என்று அவர்கள் வாதிடுகின்றனர். அவர்களின் நோக்கம் தூயது. முடிவு தவறானது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் பிறந்தது. அதன் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்புச் சட்டத்தில் பெயர்பெற்ற அறிஞர். மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாகவே அதனை அமைத்தல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1952ஆம் ஆண்டு பேராதனைக்கு மாணவர் குடிபெயர்ந்தனர்; 1954ஆம் ஆண்டு ஏப்பிரலில் அது முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. அங்கே எழுந்த விடுதிகளின் பெயர்களைப் பாருங்கள். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க, ஜேம்ஸ் பீரிஸ், அக்பர், மார்ஸ், சங்கமித்தா. தமிழரும் சிங்களவரும் முஸ்லிமும் ஆங்கிலேயரும் பௌத்தத் துறவியும் ஒரே மலைச்சாரலில் பெயராய் நிற்கின்றனர்.

பொன்னம்பலம் அருணாசலம் 1906ஆம் ஆண்டிலேயே இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என இயக்கம் நடத்தியவர். நீதியரசர் அக்பர், பல்கலைக்கழகம் கொழும்பிலன்றி மலைநாட்டிலேயே அமைதல் வேண்டும் என வாதாடியவர். அவர்கள் தத்தம் சமூகத்துக்கு ஒரு விடுதி கேட்டு உழைத்தவர்கள் அல்லர். நாடு முழுமைக்கும் ஒரு கல்விக்கூடம் கேட்டு உழைத்தவர்கள். அருணாசலத்தின் பெயரால் நிற்கும் விடுதியில் தமிழர் மட்டும் இருத்தல் வேண்டும் என்று கேட்பது, அவரைச் சிறுமைப்படுத்துவதாகாதா?

பயன் கருதிப் பார்ப்பினும் தனிவிடுதிக் கோரிக்கை நமக்கே கேடு. நாம் எங்கும் பெரும்பான்மையினர் அல்லர். பிரிந்து நிற்பவனை அடையாளம் காண்பது எளிது, தாக்குவதும் எளிது. மேலும், புத்தளம் மாவட்டத்தில் வாழும் நமக்குச் சிங்களம் தெரியாமல் ஒரு காணி வழக்கை நடத்தலாமா? ஒரு வங்கிக் கடனைப் பெறலாமா? என் விடுதி அறையில் என்னோடு தங்கியவர் அனுராதபுரத்துக் கமக்காரர் ஒருவரின் மகன். அவரிடம் நான் சிங்களம் கற்றேன். என்னிடம் அவர் தமிழ் கற்றார். இன்று நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளரை எதிர்பாராது வாதாடுவது விரிவுரை மண்டபத்தில் பெற்ற பேறன்று. அந்த அறையில் பெற்ற பேறு.

இப்படிச் சொல்வதனால், பதினெட்டு இருபது வயதுப் பிள்ளையைத் தன் மொழி பேசும் ஒருவர்கூட இல்லாத அறையில் தள்ளிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. முதற் பருவத்தில் ஒவ்வோர் அறையிலும், இயலாவிடின் ஒவ்வொரு மாடியிலுமேனும், தாய்மொழியில் பேசத் துணை ஒன்று இருத்தல் வேண்டும். தனித்து வாழ்வதற்கும் துணையோடு கலந்து வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தால் இதில் பிணக்கு இராது.

வெளி அறை பாதுகாப்பா?

விடுதியை அஞ்சுவோர் நாடுவது வாடகை அறையை. “வீட்டுக்கார அம்மா நல்லவர்” என்பதே அவர்களின் உறுதி. நல்லவராகவே இருக்கட்டும். ஆயினும் அங்கே விடுதிப் பொறுப்பாளர் இல்லை; ஒழுங்குவிதி இல்லை; குறை நேரின் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவருமில்லை. நூலகம் மூடும் நேரத்துக்குப் பின் அவ்வறைக்குச் செல்லும் பாதையில் விளக்கும் இராது. விடுதிக் கட்டணமோ வாடகையின் ஒரு சிறு பங்கு.

1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் கல்வி இலவசமாயிற்று. கல்வி இலவசம், ஆனால் தங்குவது இலவசமன்று. கண்டியில் வாழும் பிள்ளைக்கும் கற்பிட்டியில் வாழும் பிள்ளைக்கும் விரிவுரை ஒன்றே. ஆயின், பாலாவிச் சந்தி வந்து, புத்தளமும் குருநாகலும் கடந்து செல்லும் பிள்ளை, விடுதி இல்லையேல் அந்த விரிவுரையைக் கேட்கவே மாட்டான். விடுதி என்பது கல்வியோடு சேர்த்து அளிக்கும் சலுகையன்று. தொலைவில் வாழ்பவனுக்கு அதுவே கல்வியின் வாயில்.

அரசிடம் பணமில்லை என்பார்கள். நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து 900 மெகாவாற் மின்னாற்றல் உண்டாக்கும் நிலையம் நம் கரையில் நிற்கின்றது. அதன் தூசியை நம் தோட்டங்கள் ஏற்கின்றன. அதன் ஒளியை நாடு பெறுகின்றது. அவ்வொளியில் இயங்கும் ஒரு விடுதியில் நம் பிள்ளைக்கு ஒரு கட்டில் கேட்பது பிச்சையன்று.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

விடுதி ஒதுக்கப்பட்டவுடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்று, வாயிலில் விட்டுவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பும் வழக்கத்தை விடுவோம். வழக்கறிஞன் ஆவணத்தை வாசிப்பதுபோல விடுதியை வாசித்தல் வேண்டும்.

முதலாம் ஆண்டினர் தனியே தங்குகின்றனரா, மூத்தோரோடு கலந்தா? பொறுப்பாளர் இரவில் விடுதியிலேயே தங்குகின்றாரா, பகலில் வந்து கையொப்பமிட்டுப் போகின்றாரா? இரவில் பிள்ளைக்கு நோய் கண்டால் வாகனம் யார் கொண்டுவருவார்? குடிநீரும் கழிவறையும் எத்தனை பேருக்கு எத்தனை? மரக்கறி உணவு கொள்பவருக்கும் ஹலால் உணவு கொள்பவருக்கும் உணவுச்சாலையில் வழி உண்டா? பீடத்திலிருந்தும் நூலகத்திலிருந்தும் இரவில் திரும்பும் பாதையில் விளக்கு உண்டா? பகிடிவதை பற்றிய முறைப்பாட்டை யாரிடம், எந்தத் தொலைபேசியில் தெரிவிப்பது? இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கும் பெற்றோர் உள்ள பிள்ளை என்று தெரிந்தாலே பாதித் தொல்லை அகலும்.

விடுதியின் சுவர் வெள்ளையா, கட்டில் புதியதா என்பன பின்னர் பார்க்கலாம். ஒருவருக்கென அமைத்த அறைகளில் இன்று பலர் தங்குகின்றனர். நெருக்கடியைத் தாங்கலாம். பொறுப்பின்மையைத் தாங்க இயலாது.

ஊரார் கேட்க வேண்டியவை

இனி, பொதுவாக நாம் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று, மொழி. 1987, 1988ஆம் ஆண்டுகளின் திருத்தங்களுக்குப் பின்னர், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் அலுவலரோடு தொடர்புகொள்ளவும் மறுமொழி பெறவும் நமக்கு உரிமை தருகின்றது. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அனுப்பும் விடுதிக் கடிதம் தமிழில் வருதல் வேண்டும் என்பது தயவன்று, சட்டம். சிங்களத்தில் மட்டும் வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதோர் என்னிடம் வாருங்கள், கட்டணம் வேண்டேன்.

இரண்டு, உறுதி. நாள்தோறும் வீட்டிலிருந்து சென்றுவர இயலாத தூரத்து மாணவர் ஒவ்வொருவருக்கும் முதலாம் ஆண்டில் விடுதி இடம் உண்டு என்பதை, அனுமதிக் கடிதத்திலேயே பல்கலைக்கழகங்கள் எழுதித் தருதல் வேண்டும். கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகப் புத்தளத்தைக் கணித்து இடப்பங்கீட்டில் சலுகை தரும் அரசு, அந்த இடத்தில் சென்று தங்குவதற்கும் வழி செய்தாலன்றோ சலுகை முழுமை பெறும்? பல்கலைக்கழகம் புகுவோரில் பெரும்பாலோர் இன்று பெண்கள். விடுதி இன்மையால் முதலில் பின்வாங்குவோரும் அவர்களே.

மூன்று, நாமே செய்ய வேண்டியது. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் வாரங்களில் கற்பிட்டியில் ஓர் உதவிக் கூடம் அமைப்போம். பள்ளிவாசல் மண்டபமோ, கோயில் மடமோ, தேவாலய முற்றமோ, எதுவாயினும் சரி. நம்மூர்ப் பட்டதாரிகளும் இன்று பயிலும் மாணவரும் அங்கே அமர்ந்து, எந்தப் பீடத்தில் எந்த விடுதி, அங்கே நிலைமை யாது எனப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லட்டும். மூத்த மாணவர் ஒருவர் முதல் வாரத்தில் புதிய மாணவரோடு துணை செல்லட்டும். திருமண வீட்டின் ஒலிபெருக்கிக்குச் செலவிடுவதில் ஒரு பங்கு போதும். ஒரு பிள்ளையின் முதற் பருவ விடுதிச் செலவு கழிந்துவிடும்.

கல்வி நமக்குப் புதிதன்று. 1807ஆம் ஆண்டு இதே கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, பல்கலைக்கழகம் என்ற சொல்லையே இந்நாடு அறியாத காலத்தில், 1834ஆம் ஆண்டில் இலங்கைத் தேச விபரக் கோவையையும், 1859ஆம் ஆண்டில் தமிழ்ப் புலவர் வரலாறான தமிழ்ப் புளூட்டாக்கையும் எழுதி வெளியிட்டார். இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினார். பிறர் மொழியைக் கற்றுத் தம்மவர் பெருமையை அம்மொழியில் நாட்டினார். அத்தகைய ஊரிற் பிறந்த பிள்ளைகள், ஒரு கட்டில் இல்லை என்பதனாலும் ஒரு கடிதம் விளங்கவில்லை என்பதனாலும் கரையிலேயே நின்றுவிடலாமா?

கண்டக்குழிப் பெண் இப்பொழுது இரண்டாம் ஆண்டில் பயில்கின்றாள். சென்ற மாதம் அவளுடைய தந்தையார் மீண்டும் வந்தார். அவர் கையில் இம்முறை கடிதம் இல்லை. அயல்வீட்டுக்காரர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். “இவருடைய மகளுக்கும் புள்ளி போதும் ஐயா. விண்ணப்பத்தை எழுதுமுன் உங்களிடம் கேட்டுவிட்டு எழுதச் சொன்னேன்” என்றார். அந்த விண்ணப்பத்தில் முதலாவது வரி, அப்பெண் விரும்பிய பாடமே.